லீட் கம்பெனியும் கூகுள் மேப்பும்: கான்ட்ராக்டர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னைப் புறநகரில் பெயின்டிங், பிளம்பிங், மொட்டை மாடி வாட்டர்புரூஃபிங் என்று வீட்டு வேலை எடுத்துச் செய்பவர்களின் கூகுள் லிஸ்டிங்கை, அதாவது மேப்பில் தொழிலின் பெயர், நம்பர், ரிவ்யூ காட்டும் ப்ரொஃபைலைக் கவனித்துக்கொள்வது என் தொழில். புதிதாகக் கான்ட்ராக்ட் எடுக்கத் தொடங்கும் இளைஞர்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். இந்தத் துறையில் நாங்கள் தொடக்கத்தில் எங்கெல்லாம் இடறினோமோ, அதே இடங்களில்தான் அவர்களும் இடறுகிறார்கள். முக்கியமாக, லீட் கம்பெனியிடம், அதாவது வாடிக்கையாளர்களின் விசாரணையைப் பிடித்துக் கொடுத்துக் காசு வாங்கும் நிறுவனத்திடம், பேக்கேஜ் போட்ட பிறகு.

போட்டோ போடாதது, கடை நேரம் தப்பாக இருப்பது, போனை எடுக்காதது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவற்றை யாரும் சொல்லாமலே ஒரு மாலையில் சரிசெய்துவிடலாம். லீட் சேவை எடுத்ததால் கூகுளில் நம் இடம் எப்படி ஆட்டம் காண்கிறது என்பதுதான் இங்கே பேச்சு.

லீட் சேவையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஜஸ்ட்டயல், சுலேகா போன்ற டைரக்டரி தளங்களில் இலவசமாகப் பதிந்து வைப்பது நல்லதுதான். உங்கள் பெயர், முகவரி, நம்பர் மூன்றும் அங்கே சரியாக இருந்தால், இப்படி ஒரு தொழில் உண்மையில் நடக்கிறது என்பதற்கு கூகுளுக்கு அது இன்னொரு சாட்சி. ஆள் பழக்கம் இல்லாத ஏரியாவில் முதல் சில வேலைகளைப் பிடிக்கவும் பணம் கட்டிய லீட் உதவும். எதை வாங்குகிறோம், பதிலுக்கு எதைக் கொடுத்துவிடுகிறோம் என்று தெரியாமல் கையெழுத்துப் போடுவதில்தான் சிக்கல்.

பேக்கேஜ் போட்டால் மேப்பில் மேலே வருவோம் என்று நம்புவது

மேப்பில் யாரை மேலே காட்டுவது என்பதற்கு கூகுள் மூன்று விஷயங்களைப் பார்ப்பதாகச் சொல்கிறது. தேடிய வேலைக்கு நீங்கள் பொருத்தமா, தேடுபவரிடமிருந்து எவ்வளவு தூரம், நீங்கள் எவ்வளவு அறியப்பட்டவர். பணம் கொடுத்து இந்த வரிசையை மாற்ற முடியாது என்பதையும் அதே இடத்தில் எழுதி வைத்திருக்கிறது. பணம் கொடுத்தால் கிடைப்பது 'ஸ்பான்சர்டு' என்று குறி போட்ட விளம்பர இடம். அது பணம் நின்ற அன்றே போய்விடும்.

அப்படியானால் "கூகுள்லயும் உங்களை மேல கொண்டு வந்துடறோம் சார்" என்று எக்ஸிகியூட்டிவ் சொல்வது எதை? பெரும்பாலும் அவர்களுடைய பக்கத்தை. மேப்புக்குக் கீழே "வேளச்சேரியில் சிறந்த வாட்டர்புரூஃபிங் கான்ட்ராக்டர்கள்" என்று ஒரு பட்டியல் வருமே, அதுதான். அதில் உங்கள் பெயரும் இருக்கும், உங்களுக்குப் போட்டியாக இருப்பவர்கள் எல்லாருடைய பெயரும் இருக்கும். "மேப்பிலா, உங்கள் பக்கத்திலா, விளம்பரத்திலா? எதுவென்று எழுதிக் கொடுங்கள்" என்று கேளுங்கள். சென்னை முழுக்க மேலே காட்டுகிறோம் என்றால் இன்னும் கவனமாக இருங்கள். 2021 கடைசியில் கூகுள் செய்த மாற்றத்துக்குப் பிறகு தூரத்துக்கு அங்கே எடை கூடிவிட்டது. மேடவாக்கத்தில் இருக்கும் கான்ட்ராக்டரை அம்பத்தூரில் தேடுபவருக்கு முதலில் காட்டவைப்பது லேசான காரியமில்லை.

நம்பரையும் ப்ரொஃபைலையும் அவர்கள் கையில் விடுவது

மற்ற தவறுகளை எல்லாம் பொறுத்துக்கொள்வேன். இது ஒன்றை இன்னும் பொறுக்க முடியவில்லை. இதில் போவது பணம் மட்டுமில்லை, பல வருட உழைப்பு.

தென்சென்னையில் ஒரு வாட்டர்புரூஃபிங் கான்ட்ராக்டர். நல்ல வேலைக்காரர். தட்டோடு எடுத்து, விரிசல் அடைத்து, கெமிக்கல் கோட் போட்டு, திரும்ப ஓடு பதிக்கும் வரை தானே நின்று பார்ப்பவர். அவருக்கு கூகுளில் ப்ரொஃபைல் எதுவும் இருக்கவில்லை. பேக்கேஜ் விற்ற கம்பெனியே அதை இலவசமாகச் செய்து கொடுத்தது. அவர்கள் மெயில் ஐடியில், அவர்கள் கொடுத்த நம்பரில். அந்த நம்பருக்கு யார் கூப்பிட்டாலும் இவர் செல்லுக்குத் திருப்பிவிடப்படும். எத்தனை கால் வந்தது என்று மாதா மாதம் கணக்கும் வரும். அவருக்கு அது வசதியாகத்தான் இருந்தது. வேலை நன்றாக இருந்ததால் ரிவ்யூவும் சேர்ந்தது, மேப்பில் அந்த ஏரியாவில் முதல் மூன்றுக்குள் வந்தார்.

புதுப்பிக்கும் நேரத்தில் பேக்கேஜ் விலையை ஏற்றினார்கள். இவர் வேண்டாம் என்றுவிட்டார். நம்மிடம்தான் இத்தனை ரிவ்யூ இருக்கிறதே என்று நினைத்தார். அடுத்து ஐப்பசி மழை வந்தது. வாட்டர்புரூஃபிங் ஆட்களுக்கு வருட வருமானமே அந்த மாதங்களில்தான். அவர் போன் அடிக்கவில்லை. மேப்பில் தேடினால் அவர் பெயர் இருக்கிறது, அவர் செய்த மாடிகளின் போட்டோ இருக்கிறது, அவர் சம்பாதித்த ஸ்டார் இருக்கிறது. நம்பர் மட்டும் வேறு யாருக்கோ போய்க்கொண்டிருந்தது.

அதோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. முன்பு வேலை செய்து கொடுத்த ஒரு வீட்டில் மூலையில் லேசாக ஈரம் காட்டியிருக்கிறது. அவர்கள் மேப்பில் பெயரைத் தேடி அந்த நம்பருக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். வேறு ஒரு ஆள் வந்து பார்த்து, பழைய கோட் எல்லாம் வீண், முழுக்கச் சுரண்டி மறுபடி போடவேண்டும் என்று முன்பணமும் வாங்கிப் போயிருக்கிறார். வீட்டம்மா சொந்தக்காரர் ஒருவரிடம் நம்பர் வாங்கி இவரைக் கூப்பிட்டார். "அஞ்சு வருஷம் கேரண்டின்னு சொன்னீங்க, இப்ப உங்க ஆளே வந்து காசு கேக்கறாரு, இது நியாயமாங்க?" அவருக்கு என்ன நடந்தது என்று புரியவே நேரமாயிற்று. அதன் பிறகுதான் என்னிடம் வந்தார்.

ப்ரொஃபைலை மீட்பது முடியாத காரியமில்லை, ஆனால் மழை உங்களுக்காகக் காத்திருக்காது. கூகுளில் உரிமை கேட்டு விண்ணப்பித்தால், இப்போது வைத்திருப்பவருக்குப் பதில் சொல்ல 3 நாள் அவகாசம் தருகிறார்கள். அவர் மறுத்தால் மேல்முறையீடு. ஜிஎஸ்டி சான்று, கடை போர்டு, வேலைச் சாமான்கள், வண்டி இவற்றையெல்லாம் ஒரே தொடர்ச்சியாக வீடியோ எடுத்துக் காட்டவேண்டி வரும். உரிமை கிடைத்த பிறகும் 7 நாள் வரை பழைய உரிமையாளரை நீக்க முடியாது. அந்த வாரத்தில் அவர்கள் எதையாவது மாற்றுகிறார்களா என்று தினமும் பார்க்கவேண்டும். எல்லாம் கைக்கு வந்தபோது அந்த வருட மழை முடிந்துவிட்டிருந்தது.

ப்ரொஃபைல் வந்த பிறகும் வேலை தீரவில்லை. அந்தப் பழைய நம்பர் இன்னும் பத்து டைரக்டரிகளில் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டிருந்தது. இணையத்தில் அங்கங்கே வரும் பெயர், முகவரி, நம்பர் ஆகியவற்றை ஒப்பிட்டுத்தான் இவை எல்லாம் ஒரே தொழில் என்று கூகுள் புரிந்துகொள்கிறது. ஓரிடத்தில் ஒரு நம்பர், இன்னோரிடத்தில் இன்னொரு நம்பர் என்றால், ஒரே ஆளுக்கு இரண்டு ப்ரொஃபைல் உருவாகி, ரிவ்யூ இரண்டாகப் பிரிந்து நிற்கும். ஒவ்வொரு டைரக்டரியாகப் போய் நம்பரைத் திருத்திய பிறகுதான் அவருடைய இடம் மெல்ல நிலைபெற்றது.

கடை போர்டில் அடுத்தவர் போன் நம்பரை எழுதி மாட்டுவோமா? மேப்பில் மட்டும் ஏன் சம்மதிக்கிறோம்?

இத்தனைக்கும் கூகுளின் விதி இதில் தெளிவாக இருக்கிறது. ப்ரொஃபைலில் உள்ள நம்பர் தொழில் நடத்துபவரின் நேரடிக் கட்டுப்பாட்டில் இருக்கவேண்டும். வேறொருவருக்குத் திருப்பிவிடும் நம்பர் கூடாது. லீட் எடுத்து விற்கும் ஏஜென்ட்டுகள் தங்களுக்கென்று ப்ரொஃபைல் வைத்துக்கொள்ளவே தகுதி இல்லாதவர்கள். ஆனால் விதி இருக்கிறது என்பதால் யாரும் தானாக வந்து உங்களைக் காப்பாற்ற மாட்டார்கள்.

அதனால் இன்றைக்கே ஒன்று செய்யுங்கள். உங்கள் சொந்த ஜிமெயிலில் நுழைந்து, உங்கள் தொழில் பெயரை கூகுளில் தேடுங்கள். ப்ரொஃபைலைத் திருத்தும் பட்டன்கள் வந்தால் உங்களுக்கு அணுகல் இருக்கிறது. அதோடு நிற்காதீர்கள். செட்டிங்ஸில் ஆட்களும் அணுகலும் என்ற பகுதியைத் திறந்து, முதன்மை உரிமையாளர் யார் என்று பாருங்கள். அங்கே உங்கள் மெயில் இருக்கவேண்டும். கம்பெனிக்காரருக்கு மேனேஜர் என்ற அளவில் அனுமதி போதும், என்னைப் போன்றவர்களுக்கும் அவ்வளவுதான். பட்டன்களுக்குப் பதில் "இந்த வணிகம் உங்களுடையதா?" என்று கேட்டால், ப்ரொஃபைல் உங்கள் கையில் இல்லை என்று பொருள்.

நம்பரைப் பொறுத்தவரை, உங்கள் பெயரில் உள்ள சிம்மையே போடுங்கள். 2011 முதல் நாடு முழுக்க நம்பர் மாறாமல் கம்பெனி மாற வசதி இருக்கிறது. எந்த நெட்வொர்க்குக்குப் போனாலும் உங்கள் நம்பர் உங்களோடு வரும். லீட் கம்பெனி கொடுத்த நம்பர் அப்படி வராது. எங்கிருந்து எத்தனை கால் என்று தெரிந்தே ஆகவேண்டும் என்றால், அவர்கள் நம்பர் அவர்கள் பக்கத்தில் மட்டும் இருக்கட்டும்.

ரிவ்யூவை அவர்கள் பக்கத்திலேயே வாங்கிக்கொண்டிருப்பது

வேலை முடிந்ததும் லீட் கம்பெனி வாடிக்கையாளருக்கு ஒரு லிங்க் அனுப்பும். அவர் அங்கே நான்கு வரி எழுதிவிடுவார். அதே ஆளிடம் கூகுளிலும் எழுதுங்கள் என்றால், நூற்றில் ஒருவர் எழுதினால் பெரிது. அவர் எழுதிய நான்கு வரி அந்தக் கம்பெனியின் பக்கத்தைத்தான் கனமாக்குகிறது. நாளைக்கு உங்கள் பெயரை ஒருவர் தேடும்போது, உங்கள் வெப்சைட்டுக்கு மேலே, ஸ்டாரோடு அவர்கள் பக்கம் நிற்பதற்கு நீங்களே கல் எடுத்துக் கொடுத்த கணக்கு.

கேட்கும் நேரம்தான் இதில் எல்லாம். வாட்டர்புரூஃபிங்கில் கோட் காய்ந்ததும் மாடியில் தண்ணீர் கட்டிவைத்துப் பார்ப்போம் இல்லையா, ஓரிரண்டு நாள் கழித்துத் தண்ணீரைத் திறந்துவிட்டு, கீழ் அறை சீலிங்கில் கைவைத்துக் காட்டுவோம். காய்ந்திருப்பதை அவர்கள் தொட்டுப் பார்க்கும் அந்த நேரத்தில், பக்கத்தில் நின்றே வாட்ஸ்அப்பில் கூகுள் ரிவ்யூ லிங்க்கை அனுப்புங்கள். என்ன வேலை, எந்த ஏரியா என்று அவர்களாகவே எழுதுவார்கள். தள்ளுபடி தருகிறேன் என்று மட்டும் சொல்லாதீர்கள், அது கூகுளில் தடை. "பேக்கேஜோடு ரிவ்யூவும் போட்டுத் தருகிறோம்" என்று யார் சொன்னாலும் அங்கேயே பேச்சை முடியுங்கள்.

பெயரில் ஊர் ஊராகச் சேர்ப்பது

போர்டில் என்ன பெயரோ அதுதான் மேப்பிலும். மீறினால் ப்ரொஃபைல் முடக்கப்படலாம்.

ஏரியாவுக்கு ஒரு போலி முகவரி

கூடவே கூடாது. கடை இல்லாமல் வீட்டிலிருந்து தொழில் செய்பவர், முகவரியை மறைத்துவிட்டு, வேலைக்குப் போகும் பகுதிகளைக் குறிக்கலாம். 20 பகுதிகள் வரை இடமிருக்கிறது.

வெப்சைட் கட்டத்தில் அவர்கள் பக்கத்தின் லிங்க்

கூகுள் ப்ரொஃபைலோடு இலவசமாக ஒரு சின்ன வெப்சைட் கிடைத்துக்கொண்டிருந்தது. 2024 மார்ச்சில் அதை நிறுத்திவிட்டார்கள். பல கான்ட்ராக்டர்களுக்கு இருந்த ஒரே வெப்சைட் அதுதான். காலியான கட்டத்தில் ஏதாவது இருக்கட்டும் என்று லீட் கம்பெனி பக்கத்தின் லிங்க்கைப் போட்டார்கள். உங்கள் ப்ரொஃபைலைக் கண்டுபிடித்து, உங்களைப் பிடித்துப்போய், வெப்சைட்டைத் தட்டும் வாடிக்கையாளர் போய்ச் சேரும் இடத்தில் உங்கள் போட்டியாளர்கள் வரிசையாக நிற்கிறார்கள். அதைவிட அந்தக் கட்டம் வெறுமையாகவே இருக்கலாம்.

ஒரே பக்கம் உள்ள வெப்சைட் போதும். செய்த வேலைகளின் போட்டோ, போகும் ஏரியாக்கள், உங்கள் நம்பர். ஆனால் டொமைனை, அதாவது வெப்சைட்டின் முகவரிப் பெயரை, உங்கள் மெயிலில், உங்கள் பெயரில் பதியுங்கள். பேக்கேஜோடு இலவசமாக வரும் வெப்சைட்டில் யாருடைய நம்பர் இருக்கிறது, டொமைன் யார் பெயரில் என்று கேட்காமல் ஒத்துக்கொள்ளாதீர்கள். மேலே சொன்ன கதை அப்படியே அங்கேயும் நடக்கும்.

கோபத்தில் ஒரே நாளில் நிறுத்துவது

ஒரே விசாரணையைப் பல பேருக்கு விற்கிறார்கள், கூப்பிட்டால் சும்மா விலை கேட்டேன் என்கிறார்கள் என்று வெறுத்துப்போய் ஒரே நாளில் எல்லாவற்றையும் நிறுத்துபவர்கள் உண்டு. கோபம் நியாயமானதுதான். லீடின் தரத்தைப் பற்றித் தவறான நம்பிக்கை கொடுத்ததாக அமெரிக்காவில் ஹோம்அட்வைசர் என்ற நிறுவனத்தின் மேல் அந்நாட்டு வர்த்தக ஆணையம் நடவடிக்கை எடுத்து, 2023இல் 72 லட்சம் டாலர் வரை கொடுக்கும்படி ஆனது. அங்கேயும் பாதிக்கப்பட்டவர்கள் நம்மைப் போன்ற சின்னச் சின்ன கான்ட்ராக்டர்கள்தான்.

ஆனால் நிறுத்துவதற்கும் ஒரு பருவம் இருக்கிறது. வாட்டர்புரூஃபிங் ஆட்கள் செப்டம்பரில் நிறுத்தினால் சீசனே போய்விடும். ஜனவரி, பிப்ரவரியில் எப்படியும் கால் குறைவு, அப்போது நிறுத்துங்கள். அதற்கு முன் ப்ரொஃபைல், நம்பர், டொமைன் மூன்றும் உங்கள் பெயரில் இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அப்புறம், அவர்கள் தளத்தில் உள்ள உங்கள் இலவசப் பதிவை நீக்கச் சொல்லாதீர்கள். அதில் அவர்கள் நம்பரை எடுத்துவிட்டு உங்கள் சொந்த நம்பரைப் போடச் சொல்லி மெயில் அனுப்புங்கள். போனில் சொன்னால் போதாது, எழுத்தில் இருக்கவேண்டும்.

போலி லிஸ்டிங்கைப் பார்த்தும் சும்மா இருப்பது

ஆளே இல்லாத முகவரியில், ஊர்ப் பெயர்களை அடுக்கிவைத்து, லீட் பிடிப்பதற்காகவே போட்ட ப்ரொஃபைல்கள் உங்களைக் கீழே தள்ளுகின்றன. 2025 மார்ச்சில், தான் கண்டுபிடித்த 10,000க்கும் மேற்பட்ட போலி ப்ரொஃபைல்களை முன்வைத்து, கூகுளே கலிஃபோர்னியாவில் வழக்குப் போட்டது. உங்கள் ஏரியாவில் பார்த்தால், மேப்பில் திருத்தம் பரிந்துரைக்கும் பட்டனில் சொல்லுங்கள். அதில் நடக்கவில்லை என்றால் கூகுளின் வணிகக் குறைதீர்ப்புப் படிவம் இருக்கிறது. அந்த முகவரிக்கு நேரில் போய், அங்கே உண்மையில் என்ன இருக்கிறது என்று ஒரு போட்டோ எடுத்து, அதையும் சேர்த்து அனுப்புங்கள்.