மோர்பின் குளிசை முந்தி மாதிரிக் கேக்கேல்லையா? வீட்டில வச்சுப் பாக்கிறாக்களுக்கு

யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பளை கிளினிக்கால மோர்பின் எண்ட கடும் நோ மருந்தோட வீட்டை வாற புற்றுநோய்க்காரருக்கு, கொஞ்சக் காலத்தில "முந்தி நிண்ட நோ இப்ப நிக்குதில்லை" எண்டு வரலாம், உடன சொந்தக்காரர் அடிமையாகிட்டார் எண்டு கதைக்கத் தொடங்குவினம். தயவுசெய்து அந்தச் சொல்லைச் சொல்லாதேங்கோ, அதுக்குப் பயந்தே நோவை மறைச்சுக்கொண்டு கிடக்கிற வயசானவை இருக்கினம்.

மோர்பின் நரம்புச் செல்லில இருக்கிற மியூ எண்ட ரிசெப்டரில, அதாவது மருந்து வந்து பிடிக்கிற இடத்தில, ஒட்டித்தான் நோவைக் குறைக்குது. நெடுக ஒட்டினா செல் அந்த ரிசெப்டரை மந்தமாக்கும், சிலதை உள்ளுக்கு இழுத்திடும், மருந்து அடக்கி வச்ச வேலையைத் தானே கூட்டியும் விடும், அதால அதே அளவுக்குப் பழைய பலன் வராது. இதைத்தான் உடம்பு மருந்துக்குப் பழகிறது எண்டிறது. ஆருக்கும் நடக்கலாம், குணத்தில பிழையில்லை. சத்தியும் நித்திரை மயக்கமும் கெதியாக் குறையும், ஆனா மலச்சிக்கலுக்கு உடம்பு லேசில பழகாது, டொக்டர் தந்த மலமிளக்கியை விடாதேங்கோ.

இப்ப செய்யவேண்டியது. ஒரு கொப்பியில நேரம், அளவு, எந்த இடம், நோ 0 இல இருந்து 10 க்குள்ள எவ்வளவு எண்டு எழுதுங்கோ. நோ கூடினா, உடம்பு மருந்துக்குப் பழகிட்டுதோ எண்டு பாக்கிறதுக்கு முதல் பாக்கவேண்டியது நோய் கூடிச்சுதோ எண்டதைத்தான். லேசாத் தொட்டாலே உடம்பெல்லாம் நோகுதெண்டா மோர்பினே நோவைக் கூட்டுதாவும் இருக்கலாம், அதுக்கு இன்னும் கூட்டிக் குடுத்தா மோசமாகும். அதால கொப்பியோட கிளினிக்குக்குப் போங்கோ, அளவைக் கூட்டுறதோ, நரம்பு நோவுக்கு வேற மருந்து சேர்க்கிறதோ, மருந்தையே மாத்திறதோ டொக்டர் முடிவெடுக்கட்டும். மாத்தினா, பழைய மருந்துக்குச் சமமெண்டு கணக்குக்கு வாற அளவில 25 தொடக்கம் 50 வீதம் குறைச்சுத்தான் வழமையாத் தொடங்குவினம், ஏனெண்டா ஒண்டுக்குப் பழகின உடம்பு மற்றதுக்கு முழுசாப் பழகியிராது.

சடாரெண்டு நிப்பாட்டவும் வேண்டாம், வியர்வை, வயித்தோட்டம், நடுக்கம் எண்டு வரும்.

எனக்குப் பெரிய பயம் இதுதான்: சத்தியால சில நாள் குளிசை எடுக்காமல் விட்டிட்டு, நோ வந்ததும் பழைய அளவையே திருப்பிக் குடுக்கிறது. பழக்கம் கெதியா இறங்கியிருக்கும், அந்த அளவு மூச்சையே நிப்பாட்டலாம், கேட்டுப்போட்டுத்தான் தொடங்குங்கோ. சிறுநீரகம் பழுதானாலும் மருந்து உடம்பில தேங்கும். எழுப்ப எழும்பாமல், மூச்சு மெதுவாகி, கண்ணின்ர கறுப்பு ஊசிமுனையளவாச் சுருங்கினா 1990 அம்புலன்சுக்கு அடியுங்கோ, குளிசைப் பெட்டியையும் கொப்பியையும் கையோட குடுத்துவிடுங்கோ.