தேர்தல் ஆண்டில் ஊர்க் கோரிக்கையை நகர்த்துவது எப்படி? முதல்முறை இறங்குபவர்களுக்கு

"யார் வந்தாலும் நம்ம ஊருக்கு ஒண்ணும் நடக்காது." டீக்கடையில் இதை நானும் பல வருடம் சொன்னவன்தான். இப்போது சொல்வதில்லை. காரணம் ஒரு சிறுபாலம்.

எங்கள் ஊருக்கும் பஸ் நிற்கும் மெயின்ரோட்டுக்கும் நடுவில் ஒரு ஓடை. அதில் இருந்தது தரைப்பாலம். ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் முழங்காலுக்கு மேல் ஓடும், பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஏழு கிலோமீட்டர் சுற்றிப் போக வேண்டும், இல்லையென்றால் லீவு. 2021 சட்டமன்றத் தேர்தலுக்குக் கொஞ்சம் முன்னால் அங்கே உயரமான பாலத்துக்கு வேலை தொடங்கியது. அதற்காக அலைந்த வருடங்களில் நாங்கள் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். அரசியல் அனுபவம் எதுவும் தேவையில்லை, ஒரு நோட்டும் ஆறேழு பேரும் போதும்.

படி 1: ஒரே ஒரு கோரிக்கை

முதல் நாள் பேசினால் பதினைந்து கோரிக்கை வரும். தண்ணீர், தெருவிளக்கு, சுடுகாட்டுப் பாதை, பஸ், ரேஷன் கடை. எல்லாமே நியாயம்தான். ஆனால் பதினைந்தையும் ஒரே மனுவில் எழுதினால் அது ஐந்தாறு துறைக்குப் பிரிந்துபோய், ஒவ்வொன்றிலும் "பரிசீலனையில் உள்ளது" என்ற பதிலோடு திரும்பி வரும். 2022 ஆகஸ்டில் முதலமைச்சர் ஸ்டாலின் 234 எம்.எல்.ஏ.க்களுக்கும் கடிதம் எழுதி, அவரவர் தொகுதியில் நிறைவேறாமல் கிடக்கும் முக்கியமான 10 கோரிக்கைகளைப் பட்டியலிட்டுக் கலெக்டரிடம் கொடுக்கச் சொன்னார். யோசித்துப் பாருங்கள், ஒரு தொகுதி முழுவதற்கும் பத்தே பத்து இடம். அந்தப் பத்தில் ஒன்றாக உங்கள் ஊர் வர வேண்டுமென்றால் அது ஒரே வரியில் சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும்.

எதை எடுப்பது என்பதை ஆண்கள் மட்டும் உட்கார்ந்து முடிவு செய்யாதீர்கள். நாங்கள் முதலில் சமுதாயக் கூடம் கேட்கலாம் என்று இருந்தோம். நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்களிடம் கேட்ட பிறகுதான் பாலம் என்று மாறியது.

படி 2: அது யாருடைய சொத்து என்று கண்டுபிடியுங்கள்

இதில்தான் பெரும்பாலானவர்கள் வழுக்கி விழுகிறார்கள், நாங்களும் விழுந்தோம். இரண்டு வருடம் ஒன்றிய அலுவலகத்துக்கே மனு கொடுத்துக்கொண்டிருந்தோம். வாங்கி வைத்துக்கொண்டார்கள். கடைசியில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் "இந்தச் சாலை எந்தத் துறையின் பராமரிப்பில் உள்ளது, எந்த ஆண்டிலிருந்து" என்று கேட்டபோதுதான் தெரிந்தது: அது ஊராட்சி ஒன்றியச் சாலையே இல்லை, எப்போதோ நெடுஞ்சாலைத் துறைக்கு மாற்றப்பட்டு மாவட்ட இதர சாலையாக ஆகிவிட்டது. அத்தனை மனுவும் தப்பான கதவைத் தட்டியிருக்கிறது.

அந்தத் தபால் வந்த அன்று எனக்குக் கோபம் வரவில்லை, நிம்மதிதான் வந்தது. நம்மை யாரோ வேண்டுமென்றே ஒதுக்குகிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்த இடத்தில், விஷயம் எங்கே மாட்டியிருக்கிறது என்று தெரிந்துவிட்டதே.

செய்வது சுலபம். வெள்ளைத்தாளில் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதி, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, ஒப்புகை வருகிற மாதிரி தபாலில் அனுப்புங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். தராவிட்டால் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதலாம். கேள்விகள் மூன்று நான்கு போதும், "ஏன்" என்று கேட்காதீர்கள், "எந்தத் தேதி, எந்த எண், எவ்வளவு தொகை, நகல் தரவும்" என்று கேளுங்கள்.

படி 3: கிராம சபையில் தீர்மானமாக எழுத வையுங்கள்

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தமிழ்நாட்டில் 2022 முதல் வருடத்துக்கு இந்த ஆறு நாள். (நகரத்தில் இருப்பவர்களுக்கு வார்டு குழு, பகுதி சபை உண்டு.) ஊர் மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வந்திருக்க வேண்டும். ஆள் குறைந்தால் தீர்மானத்துக்கு மதிப்பில்லை, அதனால் கோரிக்கையை எழுதுவதைவிட ஆள் கூட்டுவதற்கு அதிக நேரம் கொடுங்கள். வீடு வீடாகப் போங்கள். வாட்ஸ்அப் மெசேஜ் பார்த்துவிட்டு யாரும் கிளம்பி வருவதில்லை.

எங்கள் கூட்டம் 2020 ஜனவரி 26. உள்ளாட்சித் தேர்தல் முடிந்து புதுத் தலைவர்கள் பதவியேற்று மூன்று வாரம்கூட ஆகவில்லை. பள்ளிக்கூட வேப்பமரத்தடியில் ஜமுக்காளம் விரித்திருந்தார்கள். வழக்கம்போலத் தீர்மானப் புத்தகம் முதலில் கையெழுத்துக்காகச் சுற்றி வந்தது, உள்ளே பக்கமெல்லாம் வெற்று. முன்வரிசையில் இருந்த ஒரு அத்தை புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு தரவே மாட்டேன் என்றுவிட்டார். "எழுதுன பக்கத்துல கேளு தம்பி, போடுறேன். வெறும் பக்கத்துல போட்டா நாளைக்கு அதுல என்ன எழுதுவீகன்னு எனக்கு எப்படித் தெரியும்?" ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. அப்புறம் ஊராட்சிச் செயலரே பேனாவை எடுத்து, பாலம் தீர்மானத்தை வரி வரியாக எழுதி, எழுந்து நின்று வாசித்தார். அதற்குக் கீழேதான் நூற்றி எழுபது சொச்சம் பேர் கையெழுத்தும் கைநாட்டும் வைத்தோம்.

தீர்மானத்தில் சாலையின் பெயர், ஓடையின் பெயர், எத்தனை பிள்ளைகள் அந்த வழியில் போகிறார்கள், எந்தத் துறை செய்ய வேண்டும், இந்த நான்கும் கட்டாயம் இருக்கட்டும். முடிந்ததும் அந்தப் பக்கத்தை போனில் படம் எடுத்துவிட்டு, நகல் கேட்டு எழுத்திலும் கொடுங்கள்.

படி 4: எம்.எல்.ஏ.வால் என்ன முடியும் என்று தெரிந்துகொண்டு போங்கள்

எம்.எல்.ஏ. கையில் மூன்று வழி இருக்கிறது. ஒன்று, தொகுதி மேம்பாட்டு நிதி, வருடத்துக்கு 3 கோடி ரூபாய். இதில் அவர் பரிந்துரைக்கத்தான் முடியும், நிர்வாக அனுமதி கொடுப்பது கலெக்டர். ஒரு பகுதி அரசு சொல்லும் வேலைகளுக்கே போய்விடும், மிச்சத்தை அத்தனை ஊராட்சிக்கும் பங்கு வைக்க வேண்டும். இரண்டு, துறை அதிகாரிக்கும் அமைச்சருக்கும் அவர் எழுதும் கடிதம். மூன்று, சட்டப்பேரவையில் மானியக் கோரிக்கை (ஒவ்வொரு துறைக்கும் பணம் ஒதுக்கும்) விவாதத்திலும் கேள்வி நேரத்திலும் கேட்பது.

எங்களுக்கு வேண்டியது இரண்டாவது. நெடுஞ்சாலைத் துறை மதிப்பீடு தயாரிக்க வேண்டும், அதற்கு எம்.எல்.ஏ. கடிதம் வேண்டும். "ஐயா, பாலம் கட்டிக் கொடுங்க" என்று போயிருந்தால் "பாக்குறேன்" என்று அனுப்பியிருப்பார். "உதவிக் கோட்டப் பொறியாளருக்கு ஒரு கடிதம் வேணும், தீர்மான நகல் இது, தகவல் சட்டத்துல வந்த பதில் இது, கடித வரைவும் எழுதிட்டு வந்திருக்கோம்" என்று போனோம். அவருடைய உதவியாளர் பத்து நிமிடத்தில் டைப் அடித்துக் கொடுத்துவிட்டார்.

போகும்போது ஒரு கட்சிக்காரரை மட்டும் கூட்டிப் போகாதீர்கள். எல்லாக் கட்சி ஆளும் ஒரே வேனில் போனால் அங்கே கிடைக்கும் மரியாதையே வேறு. ஒவ்வொரு ஓட்டும் எவ்வளவு முக்கியம் என்பது அவர்களுக்கு நன்றாகவே தெரியும். 2016-ல் ராதாபுரத்தில் வித்தியாசம் 49 ஓட்டு. 2021-ல் தியாகராய நகரில் 137. ஒரு சின்னக் குக்கிராமத்துக்கே அதைவிட அதிக ஓட்டு உண்டு.

படி 5: தேர்தல் வருடத்தில் அவர்கள் எழுப்பும் கோரிக்கைகளைப் படிக்கப் பழகுங்கள்

தேர்தல் நெருங்க நெருங்க எம்.எல்.ஏ.க்களும் கட்சிகளும் நிறையக் கேட்பார்கள்: தாலுகாவைப் பிரி, கலைக்கல்லூரி கொடு, கடனைத் தள்ளுபடி செய், இடஒதுக்கீடு கொடு. இதைக் கேட்டு ஆகாயத்தில் பறக்கவும் வேண்டாம், எல்லாம் நாடகம் என்று ஒதுக்கவும் வேண்டாம். ஒரே கேள்வி கேளுங்கள்: இது எந்த நிலையில் இருக்கிறது? பேச்சா, பேரவையில் அறிவிப்பா, அரசாணையா, நிதி ஒதுக்கீடா, சட்டமா?

2021-ஐ எடுத்துக்கொள்வோம். பிப்ரவரி 5 அன்று அப்போதைய முதல்வர் பழனிசாமி சட்டப்பேரவை விதி 110-ன் கீழ் 16.43 லட்சம் விவசாயிகளின் 12,110 கோடி ரூபாய் கூட்டுறவுப் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்தார். விதி 110 என்றால் அறிவிப்பின் மேல் விவாதம் கிடையாது. ஆனால் அரசாணை சில நாளிலேயே வந்துவிட்டது, அதனால் அது பேச்சோடு நிற்கவில்லை.

அதே மாதம் 26-ஆம் தேதி, தேர்தல் தேதி அறிவிக்கப்படுவதற்குச் சில மணி நேரம் முன்னால், வன்னியர்களுக்கு 10.5 சதவீத உள்ஒதுக்கீட்டு மசோதா பேரவையில் நிறைவேறியது. கூட்டணியில் இருந்த பா.ம.க.வின் நீண்டநாள் கோரிக்கை அது. சட்டமே ஆகிவிட்டது, ஆனால் நவம்பர் 1 அன்று உயர்நீதிமன்ற மதுரைக் கிளை ரத்து செய்தது, 2022 மார்ச் 31 அன்று உச்சநீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதற்கு அடிப்படையாகப் போதுமான புதிய புள்ளிவிவரம் இல்லை என்பது முக்கியமான காரணங்களில் ஒன்று. கோரிக்கை சரியா தவறா என்பது வேறு விவாதம். நான் சொல்ல வருவது, கடைசி மணி நேரத்தில் அவசரமாகக் கிடைப்பது கையில் நிற்குமா என்று பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். பல வருடம் காத்திருந்தவர்களுக்குத்தான் அந்த ஏமாற்றத்தின் வலி.

உங்கள் எம்.எல்.ஏ. "நான் பேசியிருக்கிறேன்" என்றால் எந்தத் தேதியில், எந்த விவாதத்தில் என்று கேளுங்கள். "வந்துவிட்டது" என்றால் அரசாணை எண் கேளுங்கள். ஒவ்வொரு துறையும் மானியக் கோரிக்கையின்போது வெளியிடும் கொள்கை விளக்கக் குறிப்பு அரசு இணையதளத்தில் தமிழிலேயே கிடைக்கிறது, அதையும் ஒருமுறை புரட்டுங்கள்.

படி 6: காலண்டரைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

தேர்தல் தேதி அறிவித்த நிமிடத்திலிருந்து நடத்தை விதிகள் அமலுக்கு வரும். புதுத் திட்டம் அறிவிக்கக் கூடாது. பணி ஆணையே கொடுத்திருந்தாலும், களத்தில் வேலை தொடங்கவில்லை என்றால் தொடங்கக் கூடாது. தொடங்கிய வேலை தொடரலாம். இந்த ஒரு விதியைத் தெரிந்துகொண்டதுதான் எங்கள் பாலத்தைக் காப்பாற்றியது.

அந்த வருடம் அறிவிப்பு பிப்ரவரி 26, வாக்குப்பதிவு ஏப்ரல் 6, எண்ணிக்கை மே 2. எங்கள் வேலைக்கு டிசம்பரிலேயே அனுமதி வந்திருந்தது. ஜனவரி முழுக்க வாரம் இரண்டு பேராக முறை வைத்து அலுவலகத்துக்குப் போய் "என்னைக்கு சார் ஜேசிபி வரும்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தோம். பிப்ரவரி முதல் வாரத்தில் வந்தது. பக்கத்து ஊராட்சியில் ஒரு சாலைக்கு ஆணை கையில் இருந்தும் ஜல்லி இறங்கவில்லை, அவர்கள் தேர்தல் முடியும்வரை காத்திருந்தார்கள்.

இன்னொன்று, தேர்தல் வருடத்தில் பிப்ரவரியில் வருவது இடைக்கால பட்ஜெட்தான். 2021-ல் முழு ஆண்டுக்கான திருத்திய பட்ஜெட் புது ஆட்சி வந்து ஆகஸ்ட் 13 அன்றுதான் வந்தது. ஆகவே, தேர்தலுக்கு முந்தைய வருடம் ஜனவரியிலேயே தொடங்கிவிடுங்கள்.

படி 7: புறக்கணிப்பு பேனர் வைப்பதற்கு முன்

"தேர்தலைப் புறக்கணிக்கிறோம்" என்று கறுப்புக்கொடி கட்டினால் தாசில்தார் வருவார், பேசுவார், "தேர்தல் முடியட்டும்" என்பார். அந்த நேரத்தில் புதிதாக எதையும் அனுமதிக்க அவர்களுக்கு அதிகாரமும் இருக்காது. அதனால் பாலம், ரோடு மாதிரி விஷயத்துக்கு இதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். வாழ்விடமே போகப்போகிறது என்று நிற்பவர்கள் விஷயம் வேறு. பரந்தூர் விமான நிலையத்துக்கு எதிராக ஏகனாபுரம் மக்கள் கிராம சபையில் திரும்பத் திரும்பத் தீர்மானம் போட்டார்கள், 2024 மக்களவைத் தேர்தலையும் புறக்கணித்தார்கள். தீர்மானம் போட்டால் எல்லாம் நடந்துவிடும் என்று நான் சொன்னால் அது அவர்களுக்குச் செய்யும் துரோகம்.

ஆனால் அரிட்டாபட்டியும் நடந்ததுதான். மேலூர் பக்கம் டங்ஸ்டன் சுரங்க ஏலம் பற்றி 2024 நவம்பர் 7 அன்று அறிவிப்பு வந்தது. அதே மாதம் 23-ஆம் தேதி கிராம சபைகளில் எதிர்ப்புத் தீர்மானம். டிசம்பர் 9 அன்று சட்டப்பேரவையே ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியது. ஜனவரி 7 அன்று ஆயிரக்கணக்கானவர்கள் மதுரைக்கு நடந்தே வந்தார்கள். ஜனவரி 23 அன்று மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. இரண்டரை மாதம். ஊர்க்காரர்கள் முதலில் ஒன்றுகூடினார்கள், கட்சிகள் பின்னால் வந்து சேர்ந்தன. எனக்கு மனது தளரும்போது நினைத்துக்கொள்வது அந்தத் தேதிகளைத்தான்.

படி 8: விதிகள் அமலில் இருக்கும்போதும் சும்மா இருக்காதீர்கள்

கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர் கூட்டம் நின்றுவிடும், அங்கே ஒரு பெட்டிதான் இருக்கும். பரவாயில்லை, இப்போது வேட்பாளர்கள் உங்களைத் தேடி வருவார்கள். ஒரே பக்கத்தில் அடுத்த கோரிக்கையை எழுதி, ஆரத்தி எடுக்கும் இடத்திலேயே எல்லா வேட்பாளருக்கும் ஒரே தாளைக் கொடுங்கள், கொடுப்பதைப் படம் எடுங்கள். அவர்களுடைய சொத்து, வழக்கு விவரமெல்லாம் பிரமாணப் பத்திரத்தில் தேர்தல் ஆணைய இணையதளத்திலேயே இருக்கிறது, நாலு பேராக உட்கார்ந்து வாசியுங்கள்.

ரிசல்ட் வந்ததும் யார் ஜெயித்திருந்தாலும், அந்தப் படத்தையும் அதே தாளையும் எடுத்துக்கொண்டு முதல் மாதத்திலேயே போய்ப் பாருங்கள். வாக்குச்சாவடி வாரியாக யாருக்கு எத்தனை ஓட்டு என்று படிவம் 20-ல் வெளியிடுவார்கள், உங்கள் சாவடியின் வரியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், அவர்களும் அதைத்தான் பார்ப்பார்கள்.

எங்கள் ஊரில் அடுத்த கோரிக்கை காலை ஆறு நாற்பது டவுன் பஸ். கிளை மேலாளர் யார், தடம் எண் என்ன என்பதெல்லாம் கேட்டு எழுதியாகிவிட்டது. கிராம சபைக் கூட்ட அறிவிப்பு ஏழு நாள் முன்னாலேயே ஒட்டியிருக்க வேண்டும், அதைப் பார்த்துச் சொல்லும் பொறுப்பைப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்ட அந்த அத்தையே கேட்டு வாங்கிக்கொண்டார்.