ஹோம்ஸ் கதைகளை விமர்சிக்க வருகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் புதிதாக எழுத வந்த இருவரின் கட்டுரைகளைப் பார்த்துத் தரச் சொன்னார்கள். படிக்கப் படிக்க, இருபது வருடத்துக்கு முந்தைய என் கட்டுரையையே படிப்பதுபோல் இருந்தது. முடிவை முதல் பத்தியிலேயே போட்டு உடைப்பது, கதை சொல்லும் நண்பர் வாட்சன் சொல்வதையெல்லாம் ஆசிரியர் கோனன் டாயிலின் கருத்தாக எடுத்துக்கொள்வது போன்றவற்றை யாரும் சொல்லாமலே திருத்திக்கொள்வீர்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

'ஆசிரியர் ஏமாற்றிவிட்டார்' என்பது

1891 ஆகஸ்டில் ஸ்ட்ராண்ட் இதழில் வந்த 'சிவப்பு முடிக்காரர் சங்கம்' கதையில், ஹோம்ஸ் அடகுக்கடைக் கதவைத் தட்டி வழி கேட்கிறார். கடைப் பையனின் முழங்காலைப் பார்க்கத்தான் கேட்டாராம். என்ன பார்த்தீர்கள் என்று வாட்சன் கேட்டால், எதிர்பார்த்ததைப் பார்த்தேன் என்று முடித்துக்கொள்கிறார். பையன் கடை நிலவறையிலிருந்து வங்கிக்குச் சுரங்கம் தோண்டியதில் கால்சட்டை தேய்ந்து கறைபட்டிருந்த விஷயம், திருடர்கள் பிடிபட்ட பிறகுதான் நமக்குத் தெரிகிறது. 'துப்பை மறைத்துவிட்டார், இது போங்காட்டம்' என்று இருவரும் எழுதியிருந்தார்கள். நானும் அதைத்தான் எழுதினேன், எட்டுப் பக்கம்.

கிடைக்கும் துப்பை உடனே வாசகருக்கும் காட்ட வேண்டும் என்று துப்பறியும் கதை எழுத்தாளர் ரொனால்ட் நாக்ஸ் விதி எழுதியது 1929இல். 38 வருடம் கழித்து வந்த விதியை வைத்து டாயிலுக்கு அபராதம் போட்டிருந்தேன். நாக்ஸே அந்தப் பத்து விதிகளைப் பாதி விளையாட்டாகத்தான் எழுதினார். சரி, அதுகூடப் பரவாயில்லை. கட்டுரை அச்சான வாரம் ஒரு வாசகர் தபால் அட்டை போட்டார். ஒரே வரி: 'நிலவறையைப் பற்றி ஏன் ஒன்றும் இல்லை?'

கதையை மறுபடி எடுத்தேன். தொடக்கத்திலேயே கடைக்காரர் வில்சன் சொல்கிறார்: பையன் பாதிச் சம்பளத்துக்கு வந்தவன், நல்ல வேலைக்காரன், போட்டோப் பைத்தியம்தான் குறை, படம் கழுவுகிறேன் என்று முயல் வளைக்குள் பாய்வதுபோல நிலவறைக்குள் ஓடிவிடுகிறான். துப்பு நம் கண்ணெதிரே கிடக்கிறது. அதற்குள், சிவப்பு முடி இருப்பதற்காகவே சங்கம் வில்சனுக்குத் தரும், வாரம் நாலு பவுண்டுக்குக் கலைக்களஞ்சியத்தைக் கையால் நகலெடுக்கும் வேலை வந்துவிடுகிறது. அந்தச் சிரிப்பில் நிலவறை காதில் விழாமலே போகிறது. எழுத வேண்டியது டாயிலின் இந்தக் கைவித்தையைப் பற்றி. நான் முழங்காலைக் கட்டிக்கொண்டு அழுதிருக்கிறேன்.

தேதிப் பிழை பிடிப்பது

அதே கதையில், ஏப்ரலில் வந்த சங்கத்தின் விளம்பரத்தை 'இரண்டு மாதம் முன்பு' என்கிறார் வாட்சன். அவர் அதைச் சொல்லும் நாளோ, சங்கம் கலைந்த அக்டோபர் 9. தெரியும். இந்த மாதிரி ஆராய்ச்சியை 1911லேயே நாக்ஸ் கிண்டல் செய்து கட்டுரை வாசித்துவிட்டார்.

'புள்ளிப் பட்டை' என்ற ஹோம்ஸ் கதையில் வரும் பாம்பு பால் குடிக்குமா?

குடிக்காது. அடுத்தது.

பிரவுன் பாதிரியாரிடம் சுருட்டுச் சாம்பல் தேடுவது

செஸ்டர்டன் கதைகளில் துப்பறியும் இந்தப் பாதிரியார், கொலைகாரன் மனசுக்குள் தானே புகுந்து பார்த்துக் கண்டுபிடிக்கிறவர். சாம்பலைப் பார்த்துத் துப்பறிவதை ஹோம்ஸிடமே விட்டுவிடுங்கள்.