ஜும்பா வகுப்பில் குதிப்பதை நிறுத்திய பிறகு

பாட்டுக்கு ஆடியே உடற்பயிற்சி செய்யும் ஜும்பா வகுப்பில் 45 வயதைத் தாண்டிய பெண்கள் பலர் ஆசையாகச் சேர்ந்து, ‘நேரமில்லை’ என்று நின்றுவிடுவார்கள். பெரும்பாலும் அது சாக்கு. குதிக்கும்போது சிறுநீர் கசிகிறது. யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அடுத்தது முட்டிவலி. எங்கள் மொட்டைமாடி வகுப்பில் குதிப்பதை அடியோடு எடுத்த பிறகுதான் ஆட்கள் நிலைத்தார்கள்.

துள்ளும் இடத்திலெல்லாம் பக்கவாட்டில் ஓரடி வைத்து மறு காலைச் சேர்த்தால் போதும். ஒரு கால் எப்போதும் தரையில் இருக்கட்டும். குதிக்காவிட்டாலும், கைகளைத் தோளுக்கு மேல் வீசினால் உடலுக்கு உழைப்பு குறையாது. பாட்டு நிமிடத்துக்கு 120–130 தாளம். 140-ஐத் தாண்டும் குத்துப்பாட்டென்றால் ஒரு தாளம் விட்டு ஒரு தாளத்துக்கு அடி வையுங்கள். ஆடும்போது பேச முடியவேண்டும், பாட முடியக்கூடாது.

சிமென்ட் தரையில் வெறுங்கால் வேண்டாம். அடியில் ஆழமான பள்ளம் வெட்டிய ஓட்ட ஷூவும் வேண்டாம். அது தரையைக் கவ்விக்கொள்ள, திரும்பும்போது முட்டி முறுக்கிக்கொள்ளும்.

மனசு லேசாக வேண்டுமென்றால் ஆட்டம் பரீட்சையாகக் கூடாது. பாட்டுக்கு நான்கே அசைவு, வாரம் ஒரு புதுப் பாட்டு, கண்ணாடிக்குப் பதில் வட்டமாக நிற்பது. அடி தப்பினால் எதிரே இருப்பவரும் தப்பியிருப்பார்! 45 நிமிடத்தில் கடைசி 7 நிமிடம் மெதுவான பாட்டு. சட்டென்று நிறுத்தினால் தலைசுற்றும். மாதவிடாய் நிற்கும் காலத்தில் தூக்கம் ஏற்கெனவே கெட்டிருக்கும், அதனால் வகுப்பை இரவுக்குத் தள்ளாமல் மாலை 6.30-க்கே வையுங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் அழுகை, எதிலும் பிடிப்பின்மை என்றால் ஆட்டம் மட்டும் போதாது. மருத்துவரைப் பாருங்கள்; அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸின் எண் 14416, இலவசம்.