நடத்துநர் இல்லாத பேருந்தில் ஏறுவதற்கு முன்

காட்பாடியிலிருந்து பாகாயம் செல்லும் நகரப் பேருந்தில் எவ்வளவு கூட்டம் இருந்தாலும், நாம் தேடிப் போகாமலேயே நடத்துநர் நம்மிடம் வந்து சேர்ந்துவிடுவார். எங்கே இறங்க வேண்டும் என்று கேட்பார். சில்லறை இல்லையென்றால் முணுமுணுப்பார். கட்டணமின்றிப் பயணம் செய்யும் பெண்களுக்குக்கூட ஒரு சீட்டைக் கொடுத்துவிட்டுத்தான் அடுத்தவரிடம் நகர்வார். பிள்ளைகளைப் பார்க்கச் சிங்கப்பூருக்கோ லண்டனுக்கோ புறப்படும் வேலூர்ப் பெற்றோரும், செவிலியர் பணிக்குச் செல்லும் இளம்பெண்களும், தோல் கண்காட்சிக்காக ஐரோப்பா செல்லும் ஆம்பூர், இராணிப்பேட்டை வணிகர்களும் முதலில் மனத்தில் கொள்ள வேண்டியது, அந்த மனிதர் அங்கே பெரும்பாலும் இருக்க மாட்டார் என்பதைத்தான். கட்டணம் செலுத்துவதும், செலுத்தியதற்குச் சான்று வைத்திருப்பதும், பல இடங்களில் பயணம் முடிந்ததைக் கட்டணக் கருவிக்குத் தெரிவிப்பதும் பயணியின் பொறுப்பாகும்.

ஆயத்தத்தை ஊரிலேயே தொடங்க வேண்டும். ரிசர்வ் வங்கியின் விதிப்படி, 2020 அக்டோபர் முதல் வழங்கப்படும் டெபிட், கிரெடிட் அட்டைகளில் வெளிநாட்டுப் பயன்பாடும், இயந்திரத்தில் செருகாமல் தொட்டுச் செலுத்தும் வசதியும் முடக்கப்பட்ட நிலையிலேயே நம் கைக்கு வருகின்றன. இவ்விரண்டும் வெவ்வேறு அனுமதிகள். ஒன்றை இயக்கினால் மற்றது தானாக இயங்காது. வங்கிச் செயலியில் இரண்டையும் இயக்கி, அன்றாட வரம்பையும் நிர்ணயித்த பிறகு, புறப்படுவதற்கு முன் உள்ளூர்க் கடை ஒன்றில் ஒருமுறை தொட்டுச் செலுத்திப் பார்த்துவிடுவது நல்லது. அட்டையில் விசா அல்லது மாஸ்டர்கார்டு குறி இருக்க வேண்டும். பூக்கடை வரை செல்லுபடியாகும் நம் யுபிஐ, வெளிநாட்டு ரயில் நிலைய வாயிற்கதவுகளில் உதவாது. பயணச் செயலியில் அட்டையைப் பதிவு செய்யும்போது ஓடிபி இந்திய எண்ணுக்குத்தான் வரும் என்பதால், அந்த சிம்மில் ரோமிங் வசதியையும் பெற்றுக்கொள்ள வேண்டும்.

சிங்கப்பூரிலும் லண்டனிலும் தனியே சீட்டு வாங்கத் தேவையில்லை. வங்கி அட்டையையே கருவியில் தொட்டுவிட்டு உள்ளே செல்லலாம். ஆனால் இரண்டு ஊர்களின் வழக்கமும் ஒன்றல்ல. சிங்கப்பூர்ப் பேருந்தில் முன்கதவில் ஏறும்போது ஒருமுறையும், பின்கதவில் இறங்கும்போது மறுமுறையும் தொட வேண்டும்; இறங்கும்போது மறந்துவிட்டால், அந்தத் தடத்தின் கடைசி நிறுத்தம் வரை சென்றதாகக் கணக்கிட்டுக் கட்டணம் பிடிக்கப்படும். லண்டன் பேருந்தில் எவ்வளவு தூரம் சென்றாலும் ஒரே கட்டணம் என்பதால் ஏறும்போது மட்டும் தொட்டால் போதும். அதே லண்டனின் சுரங்க ரயிலிலோ நுழையும்போதும் வெளியேறும்போதும் தொட வேண்டும். இரண்டில் ஒன்றை விட்டால் அதிகபட்சக் கட்டணம் பிடிக்கப்படும். அங்கே பேருந்துகளில் 2014 முதல் ரொக்கம் வாங்குவதில்லை என்பதால், ஓட்டுநரிடம் பவுண்டு நோட்டை நீட்டிக்கொண்டு நிற்பதில் பயனில்லை.

நம் குடும்பங்கள் தவறு செய்யும் இடம் ஒன்று உண்டு. "நாலு பாகாயம்" என்று ஒருவர் பணம் நீட்டி எல்லோருக்கும் சீட்டு வாங்குவது நம் வழக்கம். அப்பா தன் அட்டையைத் தொட்டு அம்மாவை உள்ளே அனுப்பிவிட்டு, அதே அட்டையைத் தனக்கும் தொட்டால், இரண்டாம் முறை கதவு திறக்காது; அம்மா உள்ளேயும் அப்பா வெளியேயும் நிற்க நேரும். ஆளுக்கோர் அட்டை வேண்டும், அல்லது ஊழியர் இருக்கும் முகப்பில் பயண அட்டைகளை வாங்கிக்கொள்ள வேண்டும். லண்டனில் ஒரு நாளின் மொத்தக் கட்டணம் குறிப்பிட்ட உச்சவரம்பைத் தொட்டுவிட்டால் அதற்குமேல் பிடிப்பதில்லை. ஆயினும் காலையில் அட்டையையும், மாலையில் அதே அட்டை பதிந்த கைப்பேசியையும் தொட்டால் இந்தச் சலுகை கைநழுவிவிடும். கைப்பேசி, அட்டையின் எண்ணுக்குப் பதிலாகத் தனியொரு எண்ணை அனுப்புவதால், கருவி இரண்டையும் வெவ்வேறு பயணிகளாகவே கொள்கிறது.

நிலையங்களில் வாயிற்கதவே இல்லாத ஊர்கள் இதைவிடச் சிக்கலானவை என்பது என் அனுபவம். ஐரோப்பிய நகரம் ஒன்றில் டிராமுக்கு முறையாகச் சீட்டு வாங்கிச் சட்டைப்பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு, ஜன்னலோரம் நிம்மதியாக அமர்ந்திருந்தேன். சாதாரண உடையில் வந்த பரிசோதகர் சீட்டை வாங்கி, அதன் ஓரத்தில் வெறுமையாக இருந்த கட்டத்தைப் பெருவிரலால் தடவிக் காட்டினார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. எதிரே இருந்த மூதாட்டி கதவருகே கம்பியில் பொருத்தியிருந்த சிறு பெட்டியைச் சுட்டிக்காட்டிய பிறகுதான், சீட்டை அதில் நுழைத்துத் தேதியும் நேரமும் பதித்திருக்க வேண்டும் என்பது புரிந்தது. அபராதத்தைக் கட்டிவிட்டு இறங்கினேன். ஜெர்மனியில் இத்தகைய அபராதம் 60 யூரோ. அறியாமல் செய்தது என்று சொல்வதற்கு அங்கே மதிப்பில்லை. ஆகவே சீட்டு வாங்கியதும், அதில் நேரம் முன்பே அச்சாகியிருக்கிறதா, நாம்தான் பதிக்க வேண்டுமா என்று பார்த்துவிட வேண்டும். நிலையத்தை விட்டு வெளியேறும் வரை அதை எறியவும் கூடாது.

ஜப்பானின் பல ஊர்களில் பேருந்தின் பின்கதவில் ஏறி, அங்குள்ள இயந்திரத்திலிருந்து எண்ணிட்ட துண்டுச் சீட்டு ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும். ஓட்டுநரின் தலைக்கு மேலுள்ள பலகையில் அந்த எண்ணுக்கு எதிரே, பேருந்து நகர நகரக் கட்டணம் ஏறிக்கொண்டே வரும். இறங்கும்போது முன்கதவருகே உள்ள பெட்டியில் அந்தத் துண்டையும் சரியான நாணயங்களையும் போட வேண்டும். நோட்டை மாற்றும் இயந்திரமும் பக்கத்திலேயே இருக்கும். சுயிக்கா, பாஸ்மோ போன்ற பயண அட்டையை ஏற்கும் பேருந்தாக இருந்தால் இந்தச் சில்லறைக் கணக்கு மிச்சம்.

துபாய் மெட்ரோவில் நோல் என்னும் பயண அட்டை வேண்டும். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் ஒதுக்கிய பகுதியில் ஆண்கள் ஏறினால் 100 திர்ஹாம் அபராதம். நம்மூர் மகளிர் இருக்கையில் உட்கார்ந்துவிட்டு, யாராவது கேட்டால் எழுந்துகொள்ளலாம் என்னும் கணக்கு அங்கே செல்லாது. வண்டியில் உண்பதற்கும் பருகுவதற்கும் அங்கும் சிங்கப்பூரிலும் தடை உண்டு என்பதால், கட்டிக்கொண்டு போன புளியோதரையை இறங்கிய பிறகே பிரிக்க வேண்டும்.

நள்ளிரவு இரண்டு மணிக்கும் ஏதாவதொரு ரயில் வந்து நிற்கும் காட்பாடி சந்திப்பில் பழகிய நமக்கு, டோக்கியோ போன்ற பெருநகரில் நள்ளிரவை ஒட்டி ரயில்கள் நின்றுபோய்க் காலை ஐந்து மணியளவில்தான் மீண்டும் ஓடத் தொடங்கும் என்பது வியப்பளிக்கும். எங்கே போனாலும் திரும்பி வருவதற்கான கடைசி வண்டியின் நேரத்தை, 24 மணிக் கணக்கில், போகும்போதே பார்த்துக்கொள்ள வேண்டும். தங்குமிடத்தின் முகவரியை அந்நாட்டு எழுத்திலேயே ஒரு தாளில் எழுதி வாங்கி, அட்டையோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசியில் சார்ஜ் தீர்ந்துவிட்டால், டாக்சி ஓட்டுநரிடம் நீட்டுவதற்கு அந்தத் தாள்தான் மிஞ்சியிருக்கும்.