உப்புக்காற்றில் நிற்கும் வண்டிக்கு எந்தப் பூச்சு தாங்கும்?

தூத்துக்குடியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஏறினால் உப்பளம் தெரியும். அப்பாவின் 1987 மாடல் புல்லட் 350 அந்தக் காற்றிலேயே இத்தனை வருடமும் நிற்கிறது. முதல் தடவை அதை முழுதாகப் பிரித்தபோது, ஜன்னல் கிரில்லுக்குப் பவுடர் கோட்டிங் (நிறப் பொடியைத் தூவி, உலையில் உருக்கி இறுக வைக்கும் பூச்சு) போடும் ஒரு பட்டறையில் சேசிஸை, அதாவது வண்டியின் இரும்புச் சட்டத்தை, கொடுத்தேன். திரும்பி வந்தபோது கண்ணாடி மாதிரி மின்னியது. ஒரு மழைக்காலம்தான் தாங்கியது. சென்டர் ஸ்டாண்டு பிராக்கெட் ஓரத்தில் கொப்புளம் கிளம்பியது, நகத்தால் கீறினால் தோலாக உரிந்தது, அடியில் செந்துரு. வெயில் பட்ட இடமெல்லாம் சாம்பல் பூத்துவிட்டது. இரண்டாவது தடவை எல்லாவற்றையும் சுரண்டிவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தேன். அப்போது கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முழு வண்டிக்கும் ஒரே பூச்சு என்று நினைக்காதீர்கள். ஒவ்வொரு பாகத்தையும் கையில் எடுத்து, இதன் மேல் என்ன விழும் என்று பாருங்கள். சேசிஸுக்குச் சேறும் கல்லும் உப்பும். டேங்குக்குப் பெட்ரோல். சைலன்சருக்குச் சூடு. பூச்சு அதை வைத்துத்தான் முடிவாகும்.

சேசிஸ், பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம், ஸ்டாண்டு இவற்றுக்கு இப்போதும் நான் பவுடர் கோட்டிங்தான் சொல்வேன். கல்லடி தாங்குவதில் சாதாரண பெயிண்ட் அதன் பக்கத்தில் வராது. ஆனால் பவுடரில் வகை உண்டு. வீட்டுக்குள் இருக்கும் சாமான்களுக்கு எப்பாக்ஸி பவுடரோ, எப்பாக்ஸியும் பாலியஸ்டரும் கலந்ததோ போடுவார்கள். வெயில் பட்டால் அது வெளுத்து மாவு மாதிரி உதிரும். என் வண்டி சாம்பல் பூத்தது அதனால்தான். வெளியில் நிற்கும் வண்டிக்குப் பியூர் பாலியஸ்டர் வேண்டும். வாய்வார்த்தையை நம்பாமல் பவுடர் பெட்டியின் லேபிளை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

கொப்புளத்துக்குக் காரணம் வேறு, பூச்சுக்கு முன் இரும்பைச் சரியாகத் தயார் செய்யாததுதான். எண்ணெய்ப் பிசுக்கு போகக் கழுவி, சாண்ட் பிளாஸ்டிங் (மணலை வேகமாக அடித்துத் துருவை நீக்குவது) செய்து, பூச்சு நன்றாக ஒட்டப் பாஸ்பேட் குளியல் கொடுத்து, துத்தநாகம் கலந்த எப்பாக்ஸி பிரைமர் பவுடர் ஒரு கோட் போட்ட பிறகுதான் மேல் நிறம் ஏற வேண்டும். பிளாஸ்டிங் ஆன இரும்பை எங்கள் ஊரில் ராத்திரி வைத்தால் காலையில் பழுப்பேறிவிடும். அன்றைக்கே பிரைமர் ஏற வேண்டும். வெறும் கையால் தொடவும் கூடாது, வியர்வையில் உப்பு இருக்கிறது. பிராக்கெட் ஓரங்கள் கூராக இருந்தால் அரத்தால் மழுக்குங்கள். கூரான விளிம்பில் பூச்சு மெலிந்துதான் நிற்கும், துரு அங்கேதான் முதலில் பிடிக்கும்.

சூடும் கவனிக்க வேண்டியது. பெரும்பாலான பவுடருக்கு 180 முதல் 200 டிகிரி வரை, பத்து முதல் இருபது நிமிடம். அது உலையின் சூடு அல்ல, இரும்பு அடைய வேண்டிய சூடு. ஸ்டீயரிங் கழுத்து தடிமனான பகுதி, குழாய்களைவிட மெதுவாகத்தான் சூடேறும். டெலிவரி எடுக்கும்போது, மறைவான ஓர் இடத்தில் தின்னர் நனைத்த துணியால் இருபது முப்பது தடவை தேய்த்துப் பாருங்கள். நிறம் தாராளமாகத் துணியில் இறங்கினால் பூச்சு வேகவில்லை என்று அர்த்தம்.

கொடுக்கும் முன் ரப்பர், புஷ், பேரிங் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். மரை ஓட்டைகள், பேரிங் கப் உட்காரும் இடம், எர்த் ஒயர் பிடிக்கும் இடம் மூன்றையும் மறைக்கச் சொல்லுங்கள். சேசிஸ் நம்பரையும்தான். தடித்த பவுடர் அந்த எழுத்துகளை நிரப்பிவிட்டால் ஆர்சி புதுப்பிக்கப் போகும்போது அலைய வேண்டிவரும்.

டேங்குக்கு மட்டும் பவுடர் வேண்டாம். பழைய டேங்கில் எங்காவது ஈயப்பற்று இருக்கும், பட்டி போட்டிருக்கும். ஈயப்பற்று 180 டிகிரியை ஒட்டியே உருக ஆரம்பிக்கும், பட்டியும் அந்தச் சூட்டில் நிற்காது. எப்பாக்ஸி பிரைமர், நிறம், அதற்கு மேல் டூ-கே பியூ கிளியர் (இறுக வைக்கும் ஹார்டனரைக் கலந்து அடிக்கும், நிறமில்லாத பாலியூரித்தேன் மேல்பூச்சு) என்று போங்கள். புல்லட்டின் தங்கக் கோட்டைக் கையால் இழுக்க ஆள் கிடைத்தால், கோடு நன்றாகக் காய்ந்த பிறகு கிளியர் அடிக்கச் சொல்லுங்கள். ஹார்டனர் இல்லாத மலிவுப் பெயிண்டைப் பெட்ரோல் கரைத்துவிடும். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது, அதனால் மூடியைச் சுற்றி இன்னும் சீக்கிரம் இளகும். ஒன்று முக்கியம்: இந்த ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது, நுரையீரலுக்கு ஆகாது. கைக்குட்டை கட்டிக்கொண்டு வீட்டு வாசலில் அடிக்காதீர்கள். பூத் வைத்திருக்கும் பெயிண்டரிடம் கொடுத்துவிடுங்கள்.

ரிம்முக்குக் குரோம்தான் அழகு. துருவைத் தடுப்பது அந்தப் பளபளப்பு அல்ல, அதன் அடியில் இருக்கும் நிக்கல். மேலே இருக்கும் குரோம் ஒரு மைக்ரான்கூட வராது. (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.) அதனால் பேரம் பேசும்போது நிக்கல் எத்தனை மைக்ரான் என்று கேளுங்கள். கடலோர ஊருக்கு 30-க்குக் குறையக் கூடாது.

போல்ட், நட்டுக்கு மஞ்சள் பாசிவேஷனோடு (துத்தநாகத்தைக் காக்கும் மெல்லிய ரசாயனப் படலம்) சிங்க் பிளேட்டிங், அதாவது துத்தநாக முலாம், போதும். ஹைடென்சில் (அதிக இழுவிசை தாங்கும்) போல்ட்டையும் வீல் ஆக்சிலையும் மட்டும் பிளேட்டிங்குக்குக் கொடுக்காதீர்கள். ஆசிட்டில் முக்கும்போது ஹைட்ரஜன் உள்ளே புகுந்து, உறுதியான இரும்பு நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். உயிரைத் தாங்கும் பாகங்கள் அவை, புதிதாகவே வாங்குங்கள்.

சிலிண்டர் பிளாக்குக்கு ஹீட்-ரெசிஸ்டன்ட் சிலிக்கோன் பெயிண்ட், மெல்லிசாக இரண்டு கோட். தடித்தால் ஃபின்களில் (சூட்டை வெளியேற்றும் தகடுகளில்) சூடு சரியாக வெளியேறாது. குரோம் இல்லாத சைலன்சருக்கும் இதே வகைதான், 600 டிகிரி தாங்கும் டப்பாவாக எடுங்கள். இந்தப் பெயிண்ட் காய்ந்தால் மட்டும் போதாது, சூடேறித்தான் இறுகும். இன்ஜினை ஐந்து நிமிடம் ஓட்டி முழுக்க ஆறவிட்டு, அப்புறம் பத்து நிமிடம், அப்புறம் இருபது நிமிடம் என்று ஏற்றுங்கள். இன்ஜினின் அடிப்பெட்டியான அலுமினிய கிராங்க் கேஸுக்கு எதுவும் அடிக்காமல் பஃபிங் (தேய்த்துப் பளபளப்பாக்குவது) போட்டு விட்டுவிடலாம். அதன் மேல் லாக்கர் அடித்தால் மஞ்சளாகி உரியும்.

மாட்டும்போது ஒவ்வொரு போல்ட்டுக்கு அடியிலும் வாஷர் வையுங்கள், இல்லாவிட்டால் முறுக்கும்போது புதுப் பூச்சு கிழியும். டேங்கைப் பெயிண்டர் சொன்ன நாள்வரை ஆறப் போட்டுவிட்டு, அதற்குப் பிறகே பெட்ரோல் ஊற்றுங்கள். நான் ஒரு வாரம் விட்டேன்.