சீனாவின் கடைசி அரச வம்சமான சிங் அரசின் கடைசி ஆண்டுகளைப் படிப்பது எப்படி?

உயர்தரத்தில் வரலாறு எடுக்கும் நம் திருகோணமலைப் பிள்ளைகளுக்கு நான் சொல்லித்தரும் முறை இது. அந்த அரசைக் கவிழ்த்த 1911 புரட்சியில் தொடங்காதீர்கள். 1895இல் சீனா ஜப்பானிடம் தோற்றதிலிருந்து தொடங்குங்கள்.

கொப்பியில் ஒரு பக்கத்தை நடுவே கோடு போட்டுப் பிரியுங்கள். இடப்பக்கம் பீகிங் அரண்மனை, வலப்பக்கம் மாகாணங்கள்.

இடப்பக்கத்தில் 1898: குவாங்சு பேரரசரின் சீர்திருத்தம், அதை நூறு நாட்களுக்குப் பின் பேரரசித் தாய் சிசி முடக்கியது. அதே ஆண்டில் ரஷ்யா வடகிழக்குச் சீனத் துறைமுகமான போர்ட் ஆர்தரைக் குத்தகைக்கு எடுத்தது. ஆழமான துறைமுகத்துக்கு வல்லரசுகள் ஏன் அலைகின்றன என்று உள்துறைமுகத்தைப் பார்த்து வளர்ந்த உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. அப்புறம் பாக்ஸர் கிளர்ச்சிக்காக வெளிநாட்டு வல்லரசுகள் சீனாமேல் சுமத்திய 1901இன் இழப்பீடு, 45 கோடி தேல் (பழைய சீன எடையளவு) வெள்ளி. 1905இல், அதிகாரிகளைத் தெரிவுசெய்த அரசுத் தேர்வு ஒழிப்பு. படித்தவர்களை அரசோடு கட்டிவைத்திருந்த கயிறு அங்கேதான் அறுந்தது. என் பார்வையில் பாடத்தின் மையம் இதுதான். இரண்டு தடவை வாசியுங்கள்.

சரி, இப்போது வலப்பக்கம். 1909இல் மாகாண சபைகள் கூடின. உள்ளூர்ப் பிரமுகர்களுக்குப் பேச ஒரு மேடை கிடைத்தது. 1911 மே மாதம் அமைந்த அமைச்சரவையிலோ பெரும்பாலானோர் சிங் அரசர்களின் இனமான மஞ்சுக்கள், பலர் அரச குடும்பத்தார். மறுநாளே மாகாணங்களின் ரயில்பாதைத் திட்டங்களை மத்திய அரசு எடுத்துக்கொண்டது. இந்த இரண்டையும் அம்புக்குறியால் இணையுங்கள். சிச்சுவான் மாகாணம் கொதித்தது. அதை அடக்கப் படை போனது. அக்டோபர் 10இல் வூச்சாங் நகரில் படைவீரர்களே கிளர்ந்தார்கள்.

யுவான் ஷிகாய்க்குத் தனிப் பெட்டி வரையுங்கள்: அரசின் தளபதி, புரட்சியாளரோடும் பேரம் பேசியவர். கடைசிப் பேரரசரான சிறுவன் புயியின் பெயரில் 1912 பெப்ரவரி 12இல் முடிதுறப்பு வெளியானது.